பித்தளைக் கூடும் பதினொரு நாட்களும்

அன்பு மகளே,

பதுளையில் நாங்கள் இரண்டு பேரும் சுகம். உன் அம்மாவின் வாய் எங்கள் இரண்டு பேரையும் விடச் சுகம். இன்று காலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள் கூடவே ஒரு கொப்பியையும் பேனாவையும் வைத்து, "இன்னைக்கு நீங்க எழுதுறீங்களா, இல்ல நானே புள்ளைக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிரவா?" என்று கேட்டாள். அவள் சொன்னால் கதை வேறு மாதிரிப் போகும், நான் பரிதாபமான ஆளாகிவிடுவேன். அதனால்தான் நானே எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன் பாப்பா, என்னை எனக்குத் தெரியும். ஒரு தடவை வைத்ததற்குத்தான் இந்தப் பாடு.

அன்றைக்கு நடந்ததை எனக்காகவே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ நியூசிலாந்திலிருந்து வீடியோவில் வந்தாய். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உன் சின்ன வேலைக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாய். முகமெல்லாம் பல். மாப்பிள்ளையுடைய தாத்தாவின் பழைய ரைபிளுக்கு இப்போது எந்தக் கம்பெனியும் தோட்டா செய்வதில்லை, அது சுவரில் சும்மா தொங்குகிறது, அதற்கு நீயே தோட்டாக் கூடு செய்யப் பழகுகிறாய் என்றாய். வேறொரு ரைபிளில் சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எடுத்து, வாயைக் காய்ச்சி, அச்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கழுத்தைச் சுருக்கி, மிச்சத்தை அறுத்து இந்த ரைபிளின் அளவுக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னாய். பழைய கூட்டிலிருந்து புதுக் கூடு வரைக்கும் ஐந்தை வரிசையாக நிறுத்திக் காட்டினாய். "பாருங்கப்பா, நானே செஞ்சேன்!" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

"சிக்னல் இல்ல" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "சிக்னல் போனா மூஞ்சி ஏங்க இப்படி வேர்க்குது?" என்றாள் அவள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உனக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: அதையெல்லாம் தூக்கி எறி, எறியாவிட்டால் என்னோடு பேச வேண்டாம். நீயும் என் மகள்தானே, சும்மா விடுவாயா? "ஏன்னு காரணம் சொல்லுங்க. சொல்லாட்டி கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல நான் அம்மா கையப் பிடிச்சிக்கிட்டு நடந்து வர்றேன். நீங்க பெஞ்சில உக்காந்து பாருங்க" என்று எழுதினாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்தபிறகும் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் தப்பு. அடுத்த மாதம் உன் கல்யாணம். காரணத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு யார் கையைப் பிடித்து நடப்பது என்பது உன் இஷ்டம்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரி பிட்டர், மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று, அந்தக் காலத்தில் நான் ஒரு வாயாடி. சிரிக்காதே, உண்மை. ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்வேன். தேயிலை உருட்டுகிற ரோலர் நின்றுவிட்டால் அதைப் பழுது பார்க்கிற நேரத்தை விட, அது ஏன் நின்றது என்று விளக்குகிற நேரம்தான் கூட. டீமேக்கர் ஐயா, அதாவது பெக்டரிக்குப் பொறுப்பானவர், "பிட்டர், நீ பேசாம வேலைய செஞ்சா தேயிலை ஒரு மணித்தியாலம் முன்னுக்கே காஞ்சிரும்" என்பார். எங்கள் வேர்க்‌ஷாப்பில் எதையும் எறிவது கிடையாது. ஒரு மெஷின் செத்தால் அதன் உறுப்பு இன்னொரு மெஷினுக்குள் போகும். புதுச் சாமான் கேட்டால் கொழும்பிலிருந்து வர ஆறு மாதம் ஆகும், அதுவரை கொழுந்து காத்திருக்குமா? ஒன்றை இன்னொன்றாக்குவதுதான் எங்களுக்குப் பிழைப்பே.

அப்போதிருந்த தொரை, தோட்டத்து மனேஜர், காட்டுப்பன்றிக்கு வெடி வைப்பார். சுட்டு முடிந்த கூடுகள் பங்களா வாசலில் கிடக்கும். நல்ல பித்தளை. பார்த்துக்கொண்டு சும்மா வர மனசு வருமா? இரண்டு மூன்றை எடுத்துவந்தேன். தகட்டில் கோடு கீறுவதற்கு எங்களுக்கு ஓர் எஃகு ஊசி வேண்டும், அதற்கு நல்ல கைப்பிடி கிடைக்கவே கிடைக்காது. ஒரு கூட்டின் வாயைச் சிவக்கக் காய்ச்சி, ஊசியை உள்ளே விட்டு, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டிக் கழுத்தைச் சுருக்கினேன். ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது பார், இழுத்தாலும் வராது. பளபளவென்று தேய்த்து, சட்டைப் பையில் பேனா மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தேன். ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினேன். உன் அம்மா அந்த ஊசியாலேயே என்னைக் குத்தப் பார்த்தாள்.

அது நாட்டில் புலிகளோடு சண்டை நடந்த காலம். உனக்கு ஐந்து வயது. ஒரு சனிக்கிழமை பதுளைக்குச் சாமான் வாங்க பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் என் சட்டைப் பையையும் பார்த்தார். யோசித்துப் பார் மகளே, அடியில் நம்பர் குத்தின தோட்டாக் கூடு, அதன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற எஃகு முனை. அதை ஒரு தோட்டத்துத் தமிழன் நெஞ்சில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான்! "மேக்க மொகத்த?" என்று கேட்டார், இது என்ன என்று. வேறு யாராவது என்றால் அழுதிருப்பான், காலில் விழுந்திருப்பான், ரோட்டில் கிடந்து எடுத்தேன் என்று பொய் சொல்லியிருப்பான். உன் அப்பா என்ன செய்தான் தெரியுமா? சந்தோஷப்பட்டான். நம் வேலையைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று. எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் திரட்டி, எப்படிக் காய்ச்சுவது, எப்படித் தட்டுவது, அவசரப்பட்டால் வாய் எப்படிக் கிழியும் என்று கையால் அபிநயம் பிடித்து விளக்கினேன். "எந்தக் கூட்டையும் எந்த சைஸுக்கும் கொண்டு வரலாம் சார்" என்று கடைசியில் ஒரு போடு வேறு போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு பஸ்ஸைப் போகச் சொன்னார். என்னை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினொரு நாள். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இரண்டு பேரும் வெலிமடைப் பக்கத்திலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த பொடியன்கள், அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் கவலையெல்லாம் லொறியில் லீக்ஸ் அழுகிக்கொண்டிருக்குமே என்பதுதான். முதல் இரண்டு நாள் எனக்கு அடியும் விழுந்தது. இந்த வரியை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். பின்னால் நின்று வாசித்த உன் அம்மா, "அதையும் எழுதுங்க, அவ ஒன்னும் சின்னப் புள்ள இல்ல" என்றாள். எழுதிவிட்டேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள், யாருக்குச் செய்து கொடுக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

பதினோராம் நாள் டீமேக்கர் ஐயாவும் நம் கோயில் பாதரும் வந்து எனக்காகப் பேசினார்கள். பாதர் ஞானஸ்நானப் புத்தகத்தையே கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், பாவம், அதைக் காட்டி என்ன செய்யலாம் என்று நினைத்தாரோ. பெரிய அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டு என்னை வெளியே விட்டார். நான் வாசலைத் தாண்டப் போகும்போது அங்கிருந்த சார்ஜன் கூப்பிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கத்தியை எடுத்தார். பிடி ஆடுகிறதாம், இறுக்கித் தர முடியுமா என்றார்! பாதரும் டீமேக்கர் ஐயாவும் வெயிலில் காத்திருக்க, நான் உட்கார்ந்து அந்தக் கத்திப் பிடியை இறுக்கிக் கொடுத்தேன். நல்ல வேலை என்று தோளில் தட்டினார். இதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நீ ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாய். அப்பா எங்கே போனார் என்று நீ பதினொரு நாளும் கேட்டிருக்கிறாய். அப்பா கொழும்புக்குப் புது மெஷின் பழகப் போயிருக்கிறார் என்று உன் அம்மா சொல்லி வைத்திருந்தாள். "என்ன மெஷின்பா?" என்றாய். வாயில் வந்ததைச் சொன்னேன். கொழுந்தையும் முத்தலையும் தானாகவே பிரித்துப் போடுகிற மெஷின், அதற்கு ஆறு கை என்றேன். நீ விட்டாயா? ஒவ்வொரு நாளும் மாலையில் வந்து உட்கார்ந்து கேட்பாய். ஆறு கையும் ஒன்றோடொன்று இடிக்காதா என்பாய். இடிக்காமலிருக்க நான் ஒரு சக்கரம் சேர்ப்பேன். சக்கரத்துக்கு யார் எண்ணெய் விடுவார்கள் என்பாய். அதற்கு ஒரு குழாய் சேர்ப்பேன். ஆறு மாதத்தில் அந்த மெஷின் எங்கள் பெக்டரியை விடப் பெரிதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைப் படமாக வரைந்து பரிசு வாங்கினாய். அதற்கென்ன, சின்னப் பிள்ளைக்குச் சொன்ன கதைதானே என்று இருந்துவிட்டேன்.

பிறகு நீ வளர்ந்து பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போனாய். முழு வரிசையிலும் நீ ஒருத்திதான் பெண்பிள்ளை. திரும்பி வந்து துள்ளிக்கொண்டு சொன்னாய்: "எதுக்கு லேத் படிக்கணும்னு கேட்டாங்கப்பா. எங்கப்பா கொழும்புல ஒரு மெஷின் பழகிட்டு வந்தாரு, அந்த மாதிரி ஒன்னு நான் செய்யணும்னு சொன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க." நான் பைப்படிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் ரொம்ப நேரம் நின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அப்படி ஒரு மெஷின் கிடையாது. நான் எதையும் பழகக் கொழும்புக்குப் போகவில்லை. இல்லாத மெஷினை நம்பி நீ உண்மையான மெஷின்காரியாகி, கடல் தாண்டி வேலையும் எடுத்துவிட்டாய். கோபம் வந்தால் கோபப்படு. சிரிப்பு வந்தால் சத்தமாகச் சிரி, உன் அம்மா இதை எழுதும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

திரும்பி வந்த வாரமே வேர்க்‌ஷாப்பிலிருந்த கூடுகளையெல்லாம் பொறுக்கி ஆற்றில் போட்டேன். அவற்றோடு என் பேச்சையும் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் ஆமாங்க, இல்லைங்க, அவ்வளவுதான். "எங்கப்பா ரொம்ப அமைதி" என்று நீ உன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வாய். மகளே, நான் அமைதியானவன் இல்லை. பயந்தவன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நீ ஏமாந்துவிட்டாய். நீ யாரைப் போலப் பேசுகிறாய், இவ்வளவு வாய் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதலில் நான் துப்பாக்கிக்குப் பயந்துவிட்டேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தக் கூடு வெடித்து உன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் என்று சொல்லிக்கொண்டேன். அதிலும் உண்மை இருக்கிறது. ஒரு காலத்தில் ரோலருக்கு வேறொரு மெஷினின் தண்டு சுழலுகிற புஷ்ஷைக் கடைந்து போட்டேன். அழகாகப் பொருந்தியது. நாலாம் நாள் பிளந்து, கூட வேலை செய்தவனின் விரல் ஒன்று நசுங்கியது. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ அதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒரு கூட்டை நீளவாக்கில் அறுத்து உள்சுவர் எங்கேயாவது மெலிந்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் அடுத்ததைச் செய்தாய், துப்பாக்கிக் கிளப்பில் ஒரு பெரியவரிடம் ஒவ்வொன்றையும் காட்டித்தான் சுட்டாய் என்று உன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். என்னை விட நீ கவனம். சரி, அப்படியென்றால் எனக்கு எதற்கு அப்படி வேர்த்தது?

உன் முகத்தைப் பார்த்துத்தான். "நானே செஞ்சேன்" என்று சொன்னபோது உன் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் அந்தச் சாவடியில் என் முகமும் இருந்திருக்கும். ஒருத்தி தன் கைவேலையைச் சந்தோஷமாகக் காட்டுகிறாள். கேட்க வேண்டிய ஆள் ஒன்றும் கேட்காமல், தூக்கி எறி, பேசாதே என்கிறான். அவர்கள் எனக்குச் செய்ததை நான் என் மகளுக்குச் செய்துவிட்டேன் பாப்பா. அவர்களுக்காவது சண்டைக் காலம் என்று ஒரு சாக்கு இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாமல் அப்பா கடிதம் எழுதுவானா? சொல்கிறேன், ஆனால் பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது போல மாப்பிள்ளையையும் வளை என்றெல்லாம் சொல்லமாட்டேன். மனுசன் பித்தளை இல்லை, நீயும் அச்சு இல்லை. அந்தப் பையன் என்றைக்காவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே. ஒரு தடவை கேள், இரண்டு தடவை கேள், மூன்றாம் தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேள். உன் அம்மா எனக்கு அதைத்தான் செய்தாள், இருபத்தைந்து வருசம் பிடித்தது என்பது வேறு விசயம். நீ மூஞ்சியைத் தூக்கினால் அவனையும் மூன்று தடவை கேட்கச் சொல். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். மிச்சத்தை உன் அம்மா போனில் சொல்வாள், தடுக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை டீமேக்கர் ஐயாவுக்குக் கல்யாணக் கார்டு கொடுக்க லுணுகலைக்குப் போய்வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா, மடியில் மரக்கறிப் பை. என் கையில் மிச்சமிருந்த கார்டுகளைப் பார்த்துவிட்டு, "பொண்ணு என்னங்க பண்ணுது?" என்று கேட்டது. எப்போதும் வெளிநாட்டில் கம்பெனி வேலை என்பேன். அன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், ஏனென்றால் முன் சீட்டில் யூனிபோமோடு ஒரு பொலிஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பஸ் வேறு அந்தப் பழைய சாவடி இருந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே ஒன்றுமில்லை, புல் மட்டும்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "லேத் மெஷின்ல வேலைங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னுக்கு ஒரு ரைபிள் தோட்டாக் கூட்டை இன்னொரு ரைபிளுக்குச் செஞ்சா" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பொலிஸ்காரர் திரும்பினார்.

எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். சின்னப் பையன்தான், உன் வயதுகூட இருக்காது. மொகத்த அங்கள் என்றான், என்ன விசயம் என்று. சிங்களத்திலேயே ஆரம்பித்தேன். அடிப்பாகம் பதம் போய்விடாமல் இருக்கக் கூட்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்து வாயை மட்டும் காய்ச்சியதையும், முதலில் நாலு கூடு கிழிந்துபோனதையும், ரைபிளுக்குள் முதல் தடவை வெடித்தபிறகுதான் கூடு அதன் முழு உருவத்துக்கு வரும் என்பதையும், நீ உன் அம்மாவுக்கு எழுதியிருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கையால் அச்சு மாதிரிப் பிடித்துக் காட்டினேன். கண்டக்டர் டிக்கட்டை மறந்துவிட்டு நின்று கேட்டான். எத்தனை வார்த்தை என்று கேட்காதே, பசறை டவுனே வந்துவிட்டது.

அந்தப் பையன் இறங்குவதற்கு எழும்பினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அங்கள்கே துவத?" என்று கேட்டான், உங்கள் மகளா என்று.

"ஓவ்," என்றேன். "மகே துவ." பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, தமிழிலும் ஒரு தடவை சொன்னேன்: என் மகள்.

இப்படிக்கு,
உன் கையைப் பிடித்து நடக்க ஆசைப்படும்,
அப்பா